கட்டைக் கணக்கு: கண்டி வீதியில் தூரமளந்த வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, கண்டி வீதியிலே, 'நூற்றைம்பத்தைந்தாம் கட்டை' என்றோர் இடம் உண்டு. பஸ்ஸில் ஏறி அப்பெயரைச் சொன்னால் நடத்துநர் மறுகேள்வி கேட்கமாட்டார். ஆயின் எதற்கு நூற்றைம்பத்தைந்து, எங்கிருந்து நூற்றைம்பத்தைந்து என்று அங்கு இறங்கும் இளைஞர் ஒருவரிடம் வினவின், விடை கிடைப்பது அரிது. கண்டியிலிருந்து வடக்கே நூற்றைம்பத்தைந்து மைல் என்பதே அதன் பொருள். 1970களில் இந்நாடு மெற்றிக் முறைக்கு மாறிற்று. வீதிக்கும் ஏ-9 என்ற இலக்கப் பெயர் வாய்த்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான அதன் நீளம் இன்று 321 கிலோமீற்றர் என்றே எழுதப்படுகிறது. ஏறத்தாழ இருநூறு மைல். அரசாங்கத்தின் அளவுகோல் மாறிய பின்னரும் மக்கள் வாயிலே மைல் நிலைத்து நின்றது. அதுவும் மைல் என்ற பெயரோடு அன்று. கட்டை என்ற பெயரோடு.

கட்டை என்பது குற்றியையும் தறியையும் குறிக்கும் சொல். வீதியோரத்தில் நாட்டப்பட்ட பொருளின் பெயர் வீதியின் நீளத்துக்கே பெயராயிற்று. 'இரண்டு கட்டை போக வேண்டும்' என்று எங்கள் பகுதி முதியோர் கூறுகையில் அவர்கள் மனத்தில் இருப்பது ஓர் எண்ணன்று. வழியில் கடக்கவேண்டிய இரண்டு அடையாளங்கள். மலாய் மொழியிலும் இவ்வாறே கல்லைக் குறிக்கும் 'பத்து' என்ற சொல் மைலையும் குறித்தது. மலேசியாவின் பத்துத் தீகா என்ற ஊர்ப்பெயர் மூன்றாங் கல் என்றே பொருள்படும். தூரத்தைக் கண்ணாற் கண்டு பழகிய மக்களுக்கு இது இயல்பான வழக்கு.

எமது ஊராகிய உருத்திரபுரம் கண்டி வீதியில் அமைந்ததன்று. கரடிப்போக்குச் சந்தியில் மேற்கே திரும்பி உள்ளே செல்ல வேண்டும். 1936ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமின்மைக்கும் வேலையின்மைக்கும் பரிகாரமாகக் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கப்பட்டது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி அதன் பின் விரிந்த குடியேற்றங்களுள் எமதும் ஒன்று. இங்கே இடங்களுக்கு வாய்க்கால்களின் இலக்கங்களே பெயராயின: எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றவாறு. ஆகவே எங்கள் பிள்ளைகள் எழுத்தறியுமுன்னரே இருவகை எண்களிடையே வளர்கின்றனர். வயலுக்கு வாய்க்காலின் எண், வீதிக்குக் கட்டையின் எண். இரண்டும் நிலத்தில் நாட்டப்பட்டவை, எவருக்கும் தனியுடைமையல்லாதவை.

தூரத்தை வழியோரத்திலே எழுதிவைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் தருமபுரிப் பகுதியிற் கண்டெடுக்கப்பட்ட காதக்கற்கள் இதற்குச் சிறந்த சான்றாகும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தனவெனக் கருதப்படும் இக்கற்கள் அதியமான் பெருவழியின் ஓரத்தில் நின்றவை. அவற்றுள் ஒன்று, நாவற்றாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் உளதென்று அறிவிக்கிறது. எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு அதனை எழுதியோர் அமையவில்லை. கல்லிலே இரண்டு பெருங்குழிகளையும் ஒன்பது சிறுகுழிகளையும் தோண்டிவைத்தனர். பெருங்குழி பத்து, சிறுகுழி ஒன்று. எழுத்தறியாத வழிப்போக்கனும், ஏன், இருளில் வந்து கல்லைத் தடவிப் பார்ப்பவனுங்கூட, இன்னும் எத்தனை காதம் நடக்கவேண்டும் என்று அறிந்துகொள்ளலாம். காதத்தின் அளவு இடத்துக்கிடம் வேறுபட்டது என்பது வேறு விடயம். பொதுமக்கள் அனைவருக்குமாகத் தூரம் எழுதப்பட்டது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

இதற்கு மாறான மற்றொரு மரபும் உலகில் தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. அது தூரத்தை வழியில் எழுதாது, வண்டியிலே எண்ணிக்கொள்ளும் மரபு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைக் கட்டடக் கலைஞர் விற்றுருவியஸ் தமது நூலின் பத்தாம் பகுதியில் இத்தகைய பொறியொன்றை விவரிக்கிறார். வண்டிச்சக்கரம் நானூறு முறை சுழன்றால் ஓர் உரோம மைல். அத்தனை சுழற்சிக்கும் பல்சக்கரங்கள் இணைந்து ஒரு சிறு கல்லைக் கீழேயுள்ள வெண்கலக் கலத்துள் விழச்செய்யும். 'டங்' என்று ஓசை எழும். ஒரு மைல் கழிந்தது. பயண முடிவிற் கற்களை எண்ணிக்கொள்ளலாம். சீனரும் தூரத்தை முரசொலியால் அறிவிக்கும் வண்டியொன்றை அமைத்திருந்தனர். இவ்விரு பொறிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. அவை செவிக்கே செய்தி சொல்லின. வண்டியோட்டியின் கண் வழியிலேயே இருக்கலாம்.

மோட்டார்க் கார் வந்தபோது இந்த வண்டிமரபே வென்றது. ஆனால் ஓசை போய் எண் வந்தது. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் கம்பியொன்று வேகமானியின் பின்னேயுள்ள பற்களைச் சுழற்ற, இலக்கங்கள் பொறித்த சிறு உருளைகள் ஒன்றையொன்று தள்ளி நகரும். ஓர் உருளை பத்து இலக்கங்களையும் கடந்தால் அதற்கு இடப்புறத்து உருளை ஓரிலக்கம் முன்னேறும். எங்கள் பக்கத்தில் ஓடிய பிரித்தானியக் கார்களான மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ-40இலும் மைலைக் காட்ட ஐந்து உருளைகளே இருந்தன. ஆகவே 99,999 மைல் ஓடிய கார் அடுத்த மைலில் மீண்டும் சுழியத்துக்கே திரும்பும். அக்காலத்தில் ஒரு கார் ஓரிலட்சம் மைல் ஓடுமென்பதைச் செய்தவர்களே எதிர்பார்க்கவில்லைப் போலும். (கம்பியைக் கழற்றி உருளைகளைப் பின்னோக்கித் திருப்பிக் காரை விற்ற கெட்டிக்காரரும் இருந்தனர். அளவை உள்ள இடத்திலே கள்ள அளவையும் இருக்கும்.)

எனது அம்மப்பா கிளிநொச்சியில் வாடகைக் கார் ஓட்டியவர். அவருடையது ஏ-40. அவரது காருக்கு அந்த ஐந்து சுழியங்களும் ஒருமுறை வந்தன. அதைப் பற்றி அவர் கூறியது எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படுவது. 99,990 வந்ததும் அவர் வாடகை ஏற்காது விட்டார். 99,999 வந்ததும் வேகத்தைக் குறைத்து, கடைசி உருளை பாதி திரும்புகையில் வீதியோரம் நிறுத்தி, இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து ரயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, மீண்டும் ஏறி, மெல்ல உருட்டினாராம். ஐந்தும் ஒன்றாகப் புரண்டதைக் கண்டபின் நேரே முறிகண்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். கண்டி வீதியில் ஓடும் எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடத்தில் நிற்காமற் போவதில்லை என்பது வாசகர் அறிந்ததே. கற்பூரமும் கச்சானும் ஒருபுறம் இருக்க, நீண்ட வழியில் சாரதியின் காலும் கண்ணும் ஆறுவதற்கு அதனினும் நல்லதோர் ஏற்பாட்டை எந்தத் திணைக்களமும் செய்ததில்லை என்பது என் எண்ணம்.

ஓரிலட்சம் மைல் என்பது கண்டி வீதியை முனைக்கு முனை ஐந்நூறு முறை ஓடுவதற்குச் சமம். பூமியைச் சுற்றினால் நான்கு முறை. அமெரிக்கப் பள்ளி ஆசிரியரான இர்வ் கோர்டன் என்பவர் 1966இல் வாங்கிய வொல்வோ பி-1800 காரிலே 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அலாஸ்காவில் முப்பது இலட்சம் மைலை எட்டினார். தடையற்ற வீதிகளும், தட்டற்ற பெற்றோலும், அமைதியான அரைநூற்றாண்டும் அவருக்கு வாய்த்திருந்தன. வன்னியில் ஓடிய கார்களின் கணக்கு அவ்வாறு ஒழுங்காக ஏறியதன்று.

1990இல் வடபகுதிமீது பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் அரிதாயிற்று. அப்போது பழைய பிரித்தானியக் கார்களே கைகொடுத்தன. அவற்றின் இயந்திரங்கள் குறைந்த அமுக்கத்தில் இயங்குபவை. ஆதலால் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. குளிர்ந்த இயந்திரத்தை எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் தேவை. அதைச் சிறு போத்தலிற் பொன்போலக் காத்து, காபரேற்றரில் ஊற்றி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறினர். புகை எழும், பிளக் கரிபிடிக்கும், ஆயினும் கார் ஓடும். புதிய யப்பானியக் கார்கள் முடங்கிக் கிடக்க, நாற்பது வயதுக் கிழட்டுக் கார்கள் நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றன. அந்நாளில் ஒரு மைல் என்பது எத்தனை துளி என்றே கணக்கிடப்பட்டது. வேகமானியின் கம்பி அறுந்தால் மாற்றுவதற்கு உதிரிப்பாகம் இல்லை. பல கார்களின் இலக்கங்கள் அப்படியே நின்றுபோக, வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வீதியும் முழுதாக இருக்கவில்லை. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்த ஏ-9 வீதி, போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அப்போது அதன் இருமருங்கும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். தாரை விட்டு இறங்கலாகாது என்பதே அன்றைய வீதி ஒழுங்கு. 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 1996இல் ஒருமுறை கிளிநொச்சியை விட்டகன்ற மக்கள், 2008ஆம் ஆண்டின் இறுதியில் மறுபடியும் புறப்பட்டனர். இம்முறை கண்டி வீதியால் அன்று. பரந்தனிலிருந்து கிழக்கே முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் வீதியால். உழவு இயந்திரங்கள், மாட்டுவண்டிகள், சைக்கிள்கள், கார்கள் யாவும் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஊர்ந்தன. மைல்மானி அளக்கும் வேகமன்று அது. ஒரு நாளில் ஒரு கட்டையும் நகராத நாட்கள் உண்டு என்று அம்மா சொல்வார். அம்மப்பாவின் ஏ-40 அந்த வீதியிலேயே முடிந்தது. 2009 மே மாதத்தின் பின்னர் முள்ளிவாய்க்காலிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் கைவிடப்பட்ட வாகனங்கள் குவிக்கப்பட்டுத் துருவேறிக் கிடந்ததைப் படங்களிற் பலரும் கண்டிருப்பர். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் எண் நின்றிருக்கும். அந்த எண்களை எவரும் எழுதிவைக்கவில்லை. வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இத்தகைய இழப்பு சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போர் முடிந்தபின் வந்த மாற்றங்கள் விரைவானவை. வீதி புதிதாக இடப்பட்டது. எங்கள் மக்கள் அதைக் 'காப்பற் வீதி' என்பர். கைத்தொலைபேசிக் கோபுரங்கள் வன்னிப் பெருநிலமெங்கும் எழுந்தன. கைத்தொலைபேசி 1989இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. ஆயினும் எங்களுக்கு அது வந்தது இருபது ஆண்டுகள் கழித்து. ஆக, வேகமாக ஓடத்தக்க வீதியும், ஓடுகையிற் கண்ணை இழுக்கும் கருவியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எம்மிடம் வந்து சேர்ந்தன. மற்றைய நாட்டார் அரைநூற்றாண்டிற் படிப்படியாகப் பழகியதை நாம் சில ஆண்டுகளில் பழகவேண்டியிருந்தது. பழகினோமா என்பதே வினா.

நடமாடும் தொலைபேசி காருக்காகவே முதலில் வந்தது என்பதை இங்கு நினைவுகொள்ளல் தகும். 1946 யூன் மாதத்தில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் தொடங்கிய சேவை வாகனங்களிற் பொருத்தப்பட்ட தொலைபேசிகளுக்கானது. 1973 ஏப்ரலிலேதான் மார்ட்டின் கூப்பர் என்ற பொறியியலாளர் கையிற் பிடித்த தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். இதன் ஆபத்தை எண்ணிக்கையால் நிறுவிய ஆய்வு 1997இல் வெளிவந்தது. கனடாவின் ரொறன்ரோ நகரில் விபத்துக்குள்ளான சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்த ரெடல்மயரும் திப்சிரானியும், தொலைபேசியிற் பேசும் நேரத்தில் மோதல் நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டனர். கையிற் பிடியாது பேசும் தொலைபேசியும் அதிலும் பாதுகாப்பானதாகத் தோன்றவில்லை என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவு. கை அன்று, கருத்தே ஓட்டுகிறது என்பது இதனாற் புலனாகும். அதுவும் பேசுவதைப் பற்றியது. பார்ப்பதைப் பற்றி ஆய்வு வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கணக்கே போதும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் நொடிக்கு 16 மீற்றருக்கு மேற் செல்கிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால், முப்பத்துமூன்று மீற்றர் வீதியை அது குருடாகக் கடக்கிறது.

எங்கள் நாட்டில் வீதி விபத்துகளால் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். வாகனமோட்டுகையில் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இல்லாமல் இல்லை. அதை மீறுவோர் எல்லாம் சட்டமறியாதோரும் அல்லர். இதை நான் கேள்வியறிவாற் சொல்லவில்லை.

பல்கலைக்கழக விடுமுறையொன்றில் மாமாவின் வானை வவுனியாவிலிருந்து ஓட்டிவந்தேன். மாமா பக்கத்து ஆசனத்தில் உறங்கிவிட்டார். முறிகண்டியில் நின்று கிளம்பியபோது மானியில் 99,991 கிலோமீற்றர். அம்மப்பாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் அல்லவா? ஆறு இலக்கம் தோன்றும் கணத்தைப் படம்பிடித்து நண்பர்க்கு அனுப்பவேண்டும் என்ற ஆசை எழுந்தது. இந்த மானியில் உருளைகள் இல்லை. ஒளியெழுத்து மட்டுமே, புரளாது, மாறும். மாறும் நொடியைத் தவறவிட்டால் போயிற்று என்று எண்ணி, ஒரு கையில் தொலைபேசியை ஏந்தி, திரைக்குள் திரையைப் பார்த்தவாறு ஓட்டினேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மாமா கத்திய குரல் கேட்டது. நிமிர்ந்தபோது புற்கட்டோடு ஒரு சைக்கிள் முன்னால். திருப்பினேன். வான் புற்கட்டை உரசிச் சென்று நின்றது. சைக்கிளோடு முதியவர் ஒருவர் வீதியோரத்திற் கிடந்தார்.

முழங்கை உரிந்து இரத்தம் வடிந்தது. வேறு காயமில்லை. அது என் திறமையால் அன்று. மாமா விழித்ததாலும், புற்கட்டு அகலமாய் இருந்ததாலும். நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர் முதலிற் சைக்கிளின் முன்சில்லைச் சுழற்றிப் பார்த்தார். பின்பு என் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் உண்டு. அழிக்கவில்லை. அதில் இலக்கங்கள் தெரியா. கலங்கிய ஒளிக்கோடு ஒன்றும், ஓரத்தில் என் விரலும் மட்டுமே. நான் பார்க்க விரும்பிய எண்ணை நானும் காணவில்லை, கருவியும் காணவில்லை. அம்மப்பா தம் ஐந்து சுழியங்களைக் கண்டார். அவர் நிறுத்திப் பார்த்தவர். இதனை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. காதக்கல்லும் மைற்கல்லும் வழியில் நின்றமையால், அவற்றைப் பார்த்தவன் வழியையும் பார்த்தான். எதிரே வந்த மனிதனையும் பார்த்தான். எண் வண்டிக்குள் புகுந்தபோது கண்ணும் சிறிது உள்ளே புகுந்தது. அது கைக்குள் வந்தபோது கண் முழுவதும் அதனுட் போய்விட்டது. முன்னேற்றம் என்று நாம் எழுதும் வரலாற்றில் இப்பகுதியையும் சேர்த்தெழுத வேண்டும்.

சைக்கிளை வானின் பின்புறத்தில் ஏற்றி, முதியவரை மருந்து கட்டுவதற்கு அழைத்துச் சென்றோம். மாமாவே ஓட்டினார். திரும்புகையில், "ஐயா, உங்கட வீடு எவடத்தில?" என்று கேட்டேன். வீதியைக் காட்டி அவர் சொன்னார்:

"நூற்றைம்பத்தைந்தில இறக்கிவிடு தம்பி. அதில இருந்து உள்ளுக்கு அரைக் கட்டை. அது நான் உருட்டிக்கொண்டு போயிடுவன்."